எண்ணைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்: உலகப் போருக்குப் போன தாத்தாவின் சேவையைத் தேடும் முறை

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு உலகப் போர்களுக்கும் ஆள் போன வீடுகள் உண்டு. டிரங்குப் பெட்டியில் ஒன்றிரண்டு பதக்கமும், “பர்மா சண்டைக்குப் போனாரு” என்ற ஒரு வரியும்தான் பல வீடுகளில் மிச்சம். அந்த அளவிலிருந்தே அவர் எந்த யூனிட்டில், எந்த மாதத்தில், எந்த ஊரில் இருந்தார் என்பது வரை போக முடியும். ஆனால் பெயரை வைத்துத் தொடங்கினால் முட்டுச்சந்தில் நிற்பீர்கள். ராணுவப் பதிவுக்கு ஆள் என்றால் முதலில் எண், அடுத்து யூனிட். பெயர் மூன்றாம் இடம்தான்.

பதக்கத்தின் விளிம்பு

பதக்கத்தின் முகத்தில் இருக்கும் ராஜா தலையால் பெரிய பயன் இல்லை. விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் எண், பதவி, பெயர், யூனிட் ஆகியவை விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1914-15 நட்சத்திரப் பதக்கத்தில் இதே விவரம் பின்பக்கம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாத பதக்கங்களையே அனுப்பினார்கள். இந்திய ராணுவத்தாருக்குப் பெரும்பாலும் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். அதனால் நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தையும், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பையும் தேடுங்கள்.

தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்மானத்தில் முதலில் போவது எண்தான். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து உலர்த்துங்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிச் செல்போனில் ஏழெட்டுப் படம் எடுங்கள். பிறகு இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். 3க்கு 8, 1க்கு 7, 0க்கு 6 என்று மாறிப் படிப்பதுதான் வழக்கமான தவறு. எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவையும் எண்ணின் பகுதிதான், விட்டுவிடாதீர்கள்.

பதவி சுருக்கமாக இருக்கும். எஸ்.இ.பி. என்றால் சிப்பாய், எஸ்.பி.ஆர். என்றால் பாலம், பாதை போடும் சாப்பர், என்.கே. நாயக், எச்.ஏ.வி. ஹவில்தார், டி.வி.ஆர். டிரைவர். முதல் போரில் டிரைவர் என்றால் பெரும்பாலும் கோவேறு கழுதை ஓட்டியவர், லாரி ஓட்டியவர் அல்ல. ‘ஃபாலோவர்’ என்று இருந்தால் சமையல், சலவை, தண்ணீர் சுமத்தல் போன்ற வேலையில் சேர்ந்தவர். இதைச் சொல்லச் சில குடும்பங்கள் கூசுகின்றன. கூச வேண்டியதில்லை, அவர்களுக்கும் எண் உண்டு, பதிவும் உண்டு.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் தொழிலாளர் படை, சுமை தூக்கும் படை போன்ற ஒன்றில் போனவர். அப்படியானால் காலாட்படைப் பட்டியல்களில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெள்ளிப் பதக்கம் உருக்கப்பட்டுக் கொலுசாகிப் போயிருக்கலாம். வெற்றிப் பதக்கம் இருந்தால் கவலை இல்லை. அதைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை, விவரமும் ஒன்றேதான்.

இரண்டாம் போரின் ஆறுமுனை நட்சத்திரங்களில் பெரும்பாலானவை போர்முனையையே சொல்லிவிடும். நட்சத்திரத்தின் பெயர் நடுவட்டத்தில் இருக்கும். பர்மா நட்சத்திரத்துக்கான காலம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. ஆப்பிரிக்காவுக்கு 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலிக்கு 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. மலேயாவில் சண்டை பார்த்தவருக்கு பசிபிக் நட்சத்திரம். பர்மா நட்சத்திரம் இருப்பதாலேயே அவர் பர்மாவுக்குள் கால் வைத்தார் என்று முடிவு கட்டக் கூடாது. 1942 மே முதல் அசாம், வங்காளப் பக்கம் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. நாடாவின் நிறத்தை நம்பாதீர்கள். பழைய நாடா மக்கிப்போய், கையில் கிடைத்த வேறொன்றைக் கோத்திருப்பார்கள்.

நட்சத்திரம் எதுவும் இல்லாமல் இந்தியச் சேவைப் பதக்கமும் போர்ப் பதக்கமும் மட்டும் இருந்தால், அவர் போர்முனைக்கு வெளியே, பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இருந்தவர். 1947 சுதந்திரப் பதக்கம் இருந்தால் அந்த ஆகஸ்ட் 15 அன்று அவர் வேலையில் இருந்தார் என்று பொருள். ராணுவ ஆவண அலுவலகத்தில் அவர் கோப்பு கிடைக்கும் வாய்ப்பு அப்போது கூடும்.

காகிதங்கள்

ராணுவத்திலிருந்து விலகும்போது கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, உயரம், தழும்பு, பதக்கம் எல்லாம் அதில் வரும். அது இல்லையென்றால் ஓய்வூதிய ஆணை, மணியார்டர் அடிக்கட்டை, சீருடையில் எடுத்த ஸ்டூடியோ படம் ஆகியவற்றைத் தேடுங்கள். படத்தில் தோள்பட்டையில் இருக்கும் பித்தளை எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். யூனிட்டின் சுருக்கம் அதுதான். இரண்டாம் போரில் போய், ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. அதற்கு யாராவது விண்ணப்பித்திருந்தால், மதுரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சான்றிதழின் நகல் போயிருக்கும். முதலில் அங்கே கேளுங்கள், பேருந்துக் கட்டணத்தோடு முடிகிற வேலை.

சில கிராமங்களில் “இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்” என்று ஆங்கிலத்தில் பொறித்த 1914-1919 கல் இருக்கும். அதில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. ஆள் போனதற்கு அது சாட்சி, ஆளைக் கண்டுபிடிக்க உதவாது.

ஊரும் பெயரும் எழுதப்பட்ட விதம்

மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடினால் தவறிப்போகும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல், தேனி 1996இல். போர்க்காலத்தில் பழனி, பெரியகுளம், கொடைக்கானல் எல்லாம் மதுரை மாவட்டம்தான். மறுபக்கம் அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகங்கை, பரமக்குடி எல்லாம் 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டம். 1910க்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவரானால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தவருக்கும் மதுரை என்றே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் மதுரையின் கடைசியில் ஐ கிடையாது: எம்-ஏ-டி-யூ-ஆர்-ஏ. ராமநாதபுரத்துக்கு ராம்நாட்.

பெயருக்கு இன்ஷியல் இருக்காது. எழுதியவர் தமிழ் தெரியாத எழுத்தராகவும் இருக்கலாம். முத்துச்சாமியில் ‘த்து’வுக்கு ஒற்றை டி, இரட்டை டி, டி-எச் மூன்றையும் போட்டுப் பாருங்கள். ‘சாமி’க்கு எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய், நடுவில் ஏ-டபிள்யூ வரும் வடிவம் என்று மூன்று உண்டு. இரண்டையும் பெருக்கினால் ஒரு முத்துச்சாமிக்கே ஒன்பது எழுத்துக்கூட்டல். கருப்பன், பெருமாள், மாடசாமி என்றால் ஒரே யூனிட்டில் ஒரே பெயரில் பலர் வருவார்கள். எண் இல்லாமல் இவர்தான் அவர் என்று எழுதிவிடாதீர்கள். குறைந்தது தகப்பனார் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது

யூனிட் தெரிந்தபின் அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படை, வண்டியும் ரேஷனும் பார்த்த ஆர்மி சர்வீஸ் கோர் மூன்றுக்கும் பெங்களூரு. மெக்கானிக் படைக்கும், ஆயுதமும் சாமானும் பார்த்த ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத், தகவல் தொடர்பு பார்த்த சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, பீரங்கிக்கு நாசிக் ரோடு. மெக்கானிக் படை தனியாகப் பிரிந்தது 1943இல்தான். 1941இல் ஃபிட்டராகச் சேர்ந்தவர் முதலில் ஆர்டினன்ஸில் இருந்திருப்பார், அங்கேயும் கேட்க வேண்டும்.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தகப்பனார், பழைய தாலுகாவோடு கிராமம், சேர்ந்த–விலகிய ஆண்டுகள் ஆகியவை வரட்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை நகல்களை இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போனால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாரிசு என்ற ஆதாரம் இல்லாவிட்டால், மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.

இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவரின் கோப்பை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது விதி. “சர்வீஸ் ரிக்கார்டு கொடுங்கள்” என்று கேட்டால் “அழிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி வரும். அதனால் ‘லாங் ரோல்’ பதிவேட்டில் அவர் பற்றிய வரியின் நகல் வேண்டும் என்று பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பு போன பிறகும் அந்தப் பதிவேடு இருக்கும்.

முதல் போர்க்காலத்துக் காலாட்படை வேறு கதை. 1903இல் மதராஸ் படை எண்களோடு 60 கூட்டினார்கள். 3ஆம் பாளையங்கோட்டைப் படை 63 ஆனது அப்படித்தான். 1922இல் எண்கள் மறுபடி மாறின. 1920கள் முடிவதற்குள் அந்தப் பழைய பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. வெலிங்டனில் தனிநபர் கோப்பை எதிர்பார்க்காதீர்கள். லண்டனிலும் சாதாரணச் சிப்பாயின் கோப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. இவர்களுக்குப் பதக்க விளிம்பும் யூனிட்டின் போர் நாட்குறிப்பும்தான் வழி.

யூனிட் நாட்குறிப்பு

போர்முனையில் இருந்த ஒவ்வொரு யூனிட்டும் நாள்தோறும் எழுதி மாதந்தோறும் அனுப்பிய குறிப்பு இது. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 95 வரிசை. இரண்டாம் போரில் பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172, மத்தியக் கிழக்கு 169, இத்தாலிப் பக்கம் 170. டெல்லி ஆர்.கே. புரத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும், தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்கலாம். யூனிட்டின் முழுப்பெயர், ஆண்டு, மாதம் மூன்றும் தெரியாமல் நகலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தாத்தா பெயர் அதில் இருக்காது. அதிகாரிகள் பெயரோடு வருவார்கள், சிப்பாய்கள் ‘ஐ.ஓ.ஆர். 3 காயம்’ என்று எண்ணிக்கையாக வருவார்கள் (ஐ.ஓ.ஆர். என்றால் அதிகாரி அல்லாத இந்திய வீரர்கள்). அவருக்குக் காயம்பட்ட தேதி சான்றிதழில் இருந்தால் அந்த நாளின் வரியோடு பொருத்திப் பாருங்கள். யூனிட் ஓர் இடத்தில் இருந்தது என்பதற்காக ஆளும் அங்கே இருந்தார் என்று ஆகாது. 63ஆம் பாளையங்கோட்டைப் படையும் 61ஆம் பயனியரும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கின. ஆனால் 1916இல் அவற்றில் சேர்ந்தவர் டாங்காவைப் பார்த்திருக்க முடியாது. ஆஸ்பத்திரி, டிப்போ, விடுப்பு என்று கழியும் மாதங்களும் உண்டு. வீரப் பதக்கம் வாங்கினார் என்று வீட்டில் சொன்னால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடுங்கள், இணையத்தில் இலவசம்.

1942 பிப்ரவரி 15 வாக்கில் மலேயா, சிங்கப்பூர் பக்கம் இருந்தவரின் பதிவு அந்தத் தேதியோடு திடீரென்று நின்றால், சிங்கப்பூரில் சிறைப்பட்டவர் என்று கொள்ளலாம். அங்கிருந்து நேதாஜி படைக்குப் போயிருந்தால் போர்ப் பதக்கம் இருக்காது. மலேயாத் தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்தவருக்கோ இந்திய ராணுவ எண்ணே கிடையாது. இந்த இரு வகையினருக்கும் 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் பெயரும் ஊரும் வைத்துக் கேட்கலாம்.

திரும்பி வராதவர்கள்

1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலோ, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலோ பணியில் இறந்தவர், நோயில் போனவரானாலும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதன் தளத்தில் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர் பெயரையோ மதுரையின் பழைய எழுத்துக்கூட்டலையோ போட்டுத் தேடுங்கள். இரண்டாம் போரில் இறந்தவர்களுக்குப் பெற்றோர் பெயரும் ஊரும் பல இடங்களில் உண்டு. நினைவுச் சின்னத்தின் பெயரே போர்முனையைக் காட்டும். ரங்கூன் என்றால் பர்மா, சிங்கப்பூர் என்றால் மலேயாவும் அதைச் சுற்றியும், பாஸ்ரா என்றால் முதல் போரின் மெசபடோமியா. சென்னை நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் முதல் போருக்கான மதராஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது, நேரிலும் போய்ப் பார்க்கலாம். பாஸ்ராவில் கட்டிய சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயரை வெட்டாமல் யூனிட்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். அநியாயம்தான், ஆனால் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன.

பட்டியலில் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடாதீர்கள். முதல் போரில் 1,16,000 முதல் 3,50,000 பேர் வரை பெயரில்லாமலோ முற்றிலுமாகவோ விடுபட்டிருக்கலாம் என்று அந்த ஆணையமே நியமித்த குழு 2021இல் எழுதியது. சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க இரண்டு ஆதாரம் வேண்டும்: அவர் படையில் இருந்தார் என்பதற்கு ஒன்று, அந்தத் தேதிகளுக்குள் இறந்தார் என்பதற்கு ஒன்று. பதக்க விளிம்பின் படம், லாங் ரோல் நகல், அந்தக் காலத்து இறப்பு அறிவிப்புக் கடிதம் ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மூலத்தைத் தபாலில் போடாதீர்கள்.