ஸ்லோ குக்கரில் ஆட்டுக்கால் பாயா

ஆட்டுக்கால் பாயாவுக்கு, குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை என்றே கருதுகிறேன். தோலிலும் நரம்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், மிதமான சூட்டில் பல மணி நேரம் கிடந்து நன்றாகக் கரையும்போதுதான் சாறு விரலில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது.

நெருப்பில் வாட்டிச் சுரண்டித் துண்டு போட்ட நான்கு கால்களை மஞ்சள் தூள் தேய்த்துக் கழுவி, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிடவும். உறைந்த கால்களாக இருந்தால், முதல் நாளே எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட வேண்டும். வாணலியில் பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி ஆகியவற்றைப் பச்சை வாசனை போகும்வரை வதக்கவும். குக்கரின் இளஞ்சூட்டில் வெங்காயம் சிவக்காது என்பதால், இந்த வேலையை மட்டும் ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

அனைத்தையும் குக்கரில் சேர்த்து, மல்லித் தூளும் மிளகுத் தூளும் உப்பும் போட்டு, கால்கள் மூழ்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றவும். நீராவி அதிகம் வெளியேறாததால், அடுப்பில் வைப்பதைவிடக் குறைந்த நீரே போதும். குறைந்த சூட்டில் 8 முதல் 10 மணி நேரம் வேகட்டும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு இறங்கி, வேகும் நேரம் நீண்டுவிடும்.

எலும்பைத் தூக்கினால் தோல் தானாக வழுக்கிக் கழன்றால் பதம் சரி. தேங்காய்ப் பாலைக் கடைசி அரை மணி நேரத்தில் சேர்த்தால் திரியாது. இரவில் வைத்துவிட்டால், காலை இடியாப்பத்துக்குச் சூடாகப் பரிமாறலாம்.