இன்பொக்ஸ் தொல்லையா? புளொக் பண்ண முதல் கொஞ்சம் பொறுங்கோ

பேஸ்புக்கிலோ வட்ஸ்அப்பிலோ ஆரோ ஒருத்தன் விடாமல் கண்டதையும் எழுதி அனுப்பினால், கோவத்தில எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு புளொக் பண்ணிவிடுறதுதான் எங்கட ஆக்களின்ர வழக்கம். பிறகு பொலிசுக்குப் போனால் காட்ட ஒண்டுமிராது.

முதலில ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. திகதியும் நேரமும் தெரியவேணும். அவரின்ர புரொபைல் லிங்கையும் கொப்பி பண்ணி வையுங்கோ. ஏனெண்டால் பெயரையும் படத்தையும் அவர் ஒரு நிமிசத்தில மாத்தலாம். வேண்டாம் எண்டு ஒரே ஒருக்கால் தெளிவாக எழுதிப்போட்டு, அதையும் படம் எடுங்கோ. அதுக்குப் பிறகு ரிப்போட், புளொக்.

பாலியல் ரீதியான செய்தி எண்டால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கு. தொடவேணும் எண்டில்லை, சொல்லால தொல்லை குடுத்தாலே குற்றம். 5 வருடம் வரை சிறை. மிரட்டல், படத்தைக் காட்டிக் காசு கேக்கிறது எல்லாம் வேறு குற்றங்கள். தனிப்பட்ட விபரங்களைப் போட்டுத் துன்புறுத்தினால் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (Online Safety Act) பொருந்தும்.

கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கிட்ட உள்ள பொலிஸ் நிலையத்தில பெண்கள், சிறுவர் பிரிவில தமிழிலேயே முறைப்பாடு குடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளிக்கிடாதேங்கோ. சட்டத்தரணிக்குக் காசில்லை எண்டால் யாழ்ப்பாணத்திலயே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கு. பெண்கள் 1938 எண்ட பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அடிக்கலாம்.