ஆக்ஸிலரிகள் வரலாறு: எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

அயர்லாந்து விடுதலைப் போரை அடக்க 1920இல் பிரிட்டன் அனுப்பிய போலீஸ்காரர்களை, அதாவது 'பிளாக் அண்ட் டான்ஸ்', 'ஆக்ஸிலரிகள்' என்ற இரண்டு கூட்டத்தைப் பற்றிப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பலவற்றில் வரலாற்றைவிடக் கோபம்தான் அதிகம். அதனால் படிக்கிற வரிசை முக்கியம்.

1. முதலில் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்பவர்கள் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ் படையான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியில் சாதாரணக் காவலர்களாகச் சேர்ந்த பிரிட்டிஷ்காரர்கள், பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்கள். நாளுக்கு 10 ஷில்லிங் சம்பளம். 1920 ஜூலையில் உருவான ஆக்ஸிலரி டிவிஷன் வேறு. அதில் இருந்தவர்கள் முன்னாள் ராணுவ அதிகாரிகள், சம்பளமும் இரட்டிப்பு: நாளுக்கு ஒரு பவுண்டு. 1920 டிசம்பரில் கார்க் நகரத்துக்குத் தீ வைத்ததில் முக்கியப் பங்கு ஆக்ஸிலரிகளின் 'கே கம்பெனி' என்ற படைப்பிரிவுக்கு. அதைப் 'பிளாக் அண்ட் டான்ஸ் எரித்தார்கள்' என்று போகிறபோக்கில் சொல்லும் புத்தகத்தைக் கொஞ்சம் உஷாராகவே படியுங்கள்.

2. டி. எம். லீசன் எழுதிய 'தி பிளாக் அண்ட் டான்ஸ்' (2011) நல்ல தொடக்கம். சிறையிலிருந்து திறந்துவிடப்பட்ட குற்றவாளிகள்தான் இவர்கள் என்ற பழைய கதையை ஆவணங்களை வைத்து உடைக்கிறார். அதற்காக அவர்கள் செய்த அட்டூழியங்களுக்கு வெள்ளையடிக்கவும் இல்லை. ஆய்வு நூல்தான், மெதுவாகத்தான் நகரும். ரிச்சர்ட் பென்னட் 1959இல் இதே தலைப்பில் எழுதியது விறுவிறுப்பானது, ஆனால் பல ஆவணங்கள் வெளிவருவதற்கு முந்தையது. அப்புறம் படிக்கலாம்.

3. இனி ஒரே சம்பவத்தை இரண்டு பேர் சொல்லிக் கேளுங்கள். 1920 நவம்பர் 28, அயர்லாந்தின் கில்மைக்கேல் என்ற இடம். விடுதலைப் போராளிப் படையான ஐஆர்ஏவின் பதுங்கித் தாக்குதலில் ஆக்ஸிலரிகளின் ரோந்து அணி ஏறக்குறைய முழுதும் அழிந்தது. தாக்குதலை நடத்திய டாம் பாரி, சரணடைவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் மறுபடி சுட்டார்கள், அதனால்தான் ஒருவரையும் விடவில்லை என்று 'கெரில்லா டேஸ் இன் அயர்லாந்து' (1949) நூலில் எழுதினார். வரலாற்றாசிரியர் பீட்டர் ஹார்ட் 1998இல் அந்தப் பொய்ச் சரணடைவுக் கதையே கட்டுக்கதை என்றார். ஆனால் அவர் பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டிய பேட்டிகளே பெரிய சர்ச்சையாகிவிட்டன. ஹார்ட்டைப் படிக்கும்போது அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், சண்டையே அங்கேதான்.

4. ஆக்ஸிலரிகளின் படைத்தலைவர் குரோசியரின் நினைவுக்குறிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டிரிம் ஊரில் கொள்ளையடித்ததாகத் தான் நீக்கியவர்களை மேலிடம் திரும்பச் சேர்த்ததால் 1921 பிப்ரவரியில் விலகியவர் அவர். அந்த மனக்கசப்பு எழுத்திலும் தெரியும்.

5. அயர்லாந்தின் ராணுவ வரலாற்றுப் பிரிவு சேகரித்த 1,773 சாட்சி வாக்குமூலங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் போராளிகள் தரப்பு, அதுவும் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் சொன்னது. கில்மைக்கேல் என்று தேடி, கிடைப்பதை பாரியின் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.