ஒரு வாரம், ஒரு பாட்டு: பாப் பாடல்களில் ஆங்கிலம் படிப்பது எப்படி

ஆங்கிலப் பாட்டு கேட்கும் 12, 13 வயதுப் பிள்ளைகள் பலருக்கு வரிகள் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். அதே சொற்களை வைத்து நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் வாய் திறக்காது. பாடும்போது மெட்டே வரியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, வாக்கியத்தை நாம் அமைப்பதே இல்லை. பாட்டிலிருந்து வரியைப் பிரித்து, மெட்டை எடுத்துவிட்டு, பேச்சாக மாற்றும்போதுதான் அது உங்கள் ஆங்கிலம் ஆகிறது. இந்த முறை ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எவருக்கும் பொருந்தும். தினம் 25 நிமிடம் போதும்.

எந்தப் பாட்டை எடுப்பது?

வாரம் முழுக்க அதே பாட்டைத்தான் கேட்கப்போகிறீர்கள், எனவே பிடித்த பாட்டாக இருக்க வேண்டும். ஆனால் பிடித்திருந்தால் மட்டும் போதாது. வரிகளைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் பகுதியில் பாதிச் சொற்களாவது காதில் பிடிபட்டால் அந்தப் பாட்டு உங்களுக்குச் சரி. ஒன்றிரண்டுதான் பிடிபட்டதென்றால் சில மாதம் தள்ளிவையுங்கள். மொத்தம் 150 முதல் 250 சொற்கள் உள்ள, நிதானமான பாட்டு நல்லது. ராப் இப்போதைக்கு வேண்டாம். அதில் சொற்கள் பல மடங்கு, வேகமும் தெருவழக்கும் கூடுதல்.

தொடங்குவதற்குச் சில பாட்டுகள். பீட்டில்ஸின் ‘ஹலோ, குட்பை’ (1967) எதிர்ச்சொற்களை வைத்தே கட்டப்பட்டது, ஆங்கிலம் மிகக் கொஞ்சமே தெரிந்தவருக்கும் எட்டும். அதே குழுவின் ‘யெஸ்டர்டே’ (1965) இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். நேற்றையும் இன்றையும் எதிரெதிரே வைத்துப் பாடுவதால் இறந்தகாலமும் நிகழ்காலமும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும். கார்பென்டர்ஸின் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ (1973) பாட்டில் கேரன் கார்பென்டரின் உச்சரிப்பு அவ்வளவு துலக்கம், சொல்லின் கடைசி ஒலிகூட விழுங்கப்படாது. அபா குழுவினர் சுவீடனில் வளர்ந்தவர்கள், ஆங்கிலத்தைப் படித்துத்தான் பாடினார்கள். 1974-இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றதும் ஆங்கிலப் பாட்டால்தான். வீட்டில் ஆங்கிலம் இல்லையே என்று தயங்கும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு இலக்கணப் பகுதிக்காகவே பாட்டைத் தேர்வதும் உண்டு. பியான்சேயின் ‘இஃப் ஐ வேர் எ பாய்’ (2008) நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யும் ‘இஃப்’ வாக்கியங்களுக்கு ஏற்றது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ‘ஹேவ் யூ எவர் ஸீன் த ரெயின்’ பாட்டின் தலைப்பே பிரசன்ட் பெர்ஃபெக்ட் (‘ஹேவ்’ சேர்ந்து வரும் வினை வடிவம்) கேள்வி.

பெற்றோருக்கு ஒன்று: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற ஆப்களில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்து இருந்தால் அதில் கெட்ட வார்த்தை உண்டென்று பொருள்.

கையில் என்ன வேண்டும்?

ஒரு நோட்டு, பென்சில், சிவப்புப் பேனா, குரலைப் பதிவு செய்ய ஒரு போன், இயர்போன். போனின் சிறிய ஸ்பீக்கரில் சொல்லின் இறுதியில் வரும் ‘ட்’, ‘ஸ்’ ஒலிகள் இசைக்குள் மறைந்துபோகும், அதனால்தான் இயர்போன். வரிகளைப் பாடகரின் சொந்த யூடியூப் சேனலில் உள்ள லிரிக் வீடியோவிலிருந்து எடுங்கள். தானாக ஓடும் சப்டைட்டில் பாட்டில் அடிக்கடி தடுமாறும். ரசிகர்கள் தட்டச்சு செய்து போடும் தளங்களிலும் பிழைகள் உண்டு.

வாரத் திட்டம்

முதல் நாள் மூன்று தடவை கேளுங்கள், வரிகளைப் பார்க்காதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார், கோபமா வருத்தமா என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். முதல் 8 முதல் 12 வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். ஒரு வரிக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், விடுபட்ட இடத்தில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். பிறகு சரியான வரிகளோடு ஒப்பிட்டுச் சிவப்பில் திருத்துங்கள். திருத்துவதோடு நிற்காமல் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் ஒட்டிப்போனதால் கேட்கவில்லையா? சொல் தெரியாவிட்டால் அகராதி பார்த்தால் தீர்ந்தது. ஒட்டிப்போனதென்றால் அந்த ஓரிடத்தைப் பத்துத் தடவை கேட்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டாம் வகைதான். ‘கோயிங் டு’ என்பது ‘கன்னா’ ஆகும், ‘வான்ட் டு’ என்பது ‘வான்னா’. ‘டெல் ஹிம்’ ‘டெலிம்’ என்றே கேட்கும். ‘அண்ட்’ வெறும் ‘ன்’ ஆகச் சுருங்கும். பள்ளியில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்திப் படித்த காதுக்கு இது வேறு மொழி போலிருக்கும். நாளடைவில் பழகிவிடும், பழகியபின் ஆங்கிலப் படத்தின் வசனமும் புரியத் தொடங்கும்.

மூன்றாம் நாள் பொருள். புதுச்சொல் எட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் மாணவர்களுக்கான இலவச இணைய அகராதி உண்டு, ஒலியையும் கேட்கலாம். சொல்லைத் தனியாக எழுதாமல் அது வரும் வரியோடு எழுதுங்கள். முழுப் பாட்டையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போடாதீர்கள். மரபுத்தொடர்கள் அங்கே சொல்சொல்லாக உடைந்து அபத்தமாகும். ஒவ்வொரு வரிக்கும் உங்கள் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாள் கூடவே பாடுங்கள். யூடியூப் செட்டிங்கில் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாமல் நிதானமாகும். தாளம் விழும் அசைகளுக்குக் கீழே கோடிட்டுக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் பாடுவது வீண்வேலை இல்லை. 2014-இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், புதிய ஹங்கேரிய மொழித் தொடர்களைப் பாடிப் படித்த பெரியவர்கள், வெறுமனே பேசிப் படித்தவர்களைவிட நன்றாக நினைவிலிருந்து சொன்னார்கள்.

ஆறாம் நாள் மெட்டை எடுத்துவிடுங்கள். அதே வரிகளை நண்பரிடம் பேசுவதுபோல் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். பிறகு மூன்று வரிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் நான்கு விதமாக மாற்றுங்கள். ‘நான்’ இருக்கும் இடத்தில் ‘என் அக்கா’, ‘இன்று’ இருக்கும் இடத்தில் ‘போன வாரம்’, உடன்பாட்டை எதிர்மறை, பிறகு கேள்வி. வினைச்சொல் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். பலர் சலிப்பென்று விட்டுவிடும் நாள் இது. இதை விட்டால் மற்ற ஆறு நாளும் பொழுதுபோக்குதான்.

ஏழாம் நாள் பாட்டின் கதையை ஆறேழு ஆங்கில வாக்கியத்தில் உரைநடையாக எழுதுங்கள். மூன்று நாள் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் அந்தப் பக்கத்தைத் திருப்பி ஒருமுறை பேசிப் பாருங்கள்.

நாக்கு தவறும் இடங்கள்

பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடாதீர்கள். மின்விசிறிக்கும் வாணலிக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு முதல் ஒலி, நம் பேச்சில் இரண்டும் ‘பேன்’ ஆகிவிடுகின்றன. எழுத்தைப் பார்த்துப் பாடினால் அந்தப் பழக்கம் இறுகிவிடும்.

நமக்கு மெய்யொலியில் சொல்லை முடிக்கப் பிடிக்காது. ‘நைட்’ என்பதை ‘நைட்டு’ என்றும், ‘ஹார்ட்’ என்பதை ‘ஹார்ட்டு’ என்றும் இழுப்போம். பேச்சில் இது யாருக்கும் தெரிவதில்லை. பாட்டிலோ ஒரு அசை கூடியதும் தாளம் பிந்திப்போகும், தவறு உடனே காதில் அடிக்கும். இறந்தகால வினைகளின் இறுதியும் அப்படித்தான்: ‘வாக்ட்’, ‘லவ்ட்’ ஒரே அசை, ‘வாக்கெட்’ அல்ல. ‘வான்டட்’, ‘நீடட்’ போல t அல்லது d ஒலியில் முடியும் வினைக்கு மட்டுமே கூடுதல் அசை வரும்.

பாட்டு தவறாகக் கற்றுத்தரும் விஷயமும் ஒன்று உண்டு. குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குக் கைவந்தது, ஆங்கிலத்தில் ‘லிவ்’, ‘லீவ்’ இரண்டையும் பிரிக்க அது உதவும். ஆனால் பாடகர் மெட்டுக்காகக் குறிலையும் நான்கு தாளம் நீட்டிவிடுவார். எனவே உயிரொலியின் அளவைப் பாட்டில் நம்பாதீர்கள், அகராதியின் ஒலிப்பொத்தானை அழுத்திக் கேளுங்கள்.

பரீட்சைத் தாளுக்குப் போகக் கூடாதவை

‘இஸன்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘எய்ன்ட்’, ‘ஷி டஸன்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘ஷி டோன்ட்’, ‘கன்னா’, ‘வான்னா’, ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை, எதுகைக்காக முன்பின் மாறிய சொல்வரிசை. பாட்டில் இவையெல்லாம் இயல்பு, கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். நோட்டின் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பாட்டு வடிவம், வலப்பக்கம் எழுத்து வடிவம் என்று எழுதிவாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு பாட்டு முடிந்ததும் புதுச்சொல் வரத்து குறையும். காதல், இரவு, இதயம், மழை என்று பாப் பாட்டின் சொல்வட்டம் சிறியது. அப்போது கதையோ இடமோ சொல்லும் பாட்டுகளுக்கு மாறுங்கள். ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ (1971) அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மலையையும் ஆற்றையும் பேசுகிறது. கூடவே, உங்களுக்குப் பழகிய பாடகரின் பேட்டி ஒன்றைத் தேடி அதில் ஒரே ஒரு நிமிடத்தை இரண்டாம் நாள் முறையில் எழுதிப் பாருங்கள். குரல் ஏற்கெனவே பழகியது, இந்தத் தடவை மெட்டு இல்லை. பிடிபடாத இடங்கள் ஐந்துக்குள் வரும்வரை அதே நிமிடத்தில் இருங்கள்.