இருண்ட நாவலைக் குடும்பத்துக்கான அனிமேஷன் படமாக்குவது எப்படி?

விக்டர் ஹியூகோவின் 'நோத்ர தாம் த பாரி' நாவலைத் தழுவி நான் எழுதிய முதல் திரைக்கதையை, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடி வீட்டில், ஏழு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இரண்டு அம்மம்மாமாருக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று எண்ணி, நோத்ர தாம் தேவாலயக் கோபுரத்தில் மணியடிக்கும், முதுகு கூனிய குவாசிமோதோவைப் பாரிஸ் நகரத்து மக்கள் கட்டிவைத்து அவமானப்படுத்தும் பகுதியை முழுவதுமாக நீக்கியிருந்தேன். வாசித்து முடித்ததும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, அப்ப அவன் ஏன் கோபுரத்தை விட்டு வெளியில வாறேல்லை? அவனை ஆர் என்ன செய்தது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. வலியை நீக்கும்போது காரணத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டேன் என்பதும், காரணம் இல்லாத துயரம் பிள்ளைகளுக்கு விளங்காது என்பதும் அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று.

நான் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பில். வைகாசி மாதத்தில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடுவார்கள். கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும், மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக யாரும் ஒரு வரியைக்கூடக் குறைப்பதில்லை. ஆனால் சடங்கு தீயோடு முடிவதும் இல்லை. கோபம் கொண்ட அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்தி பாடிய பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். இருண்ட நாவலைக் குடும்பத்துக்கான படமாக்க விரும்புகிறவர் முதலில் இந்த ஒழுங்கை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீயை அணைத்துவிட்டுக் கதை சொல்ல முடியாது; தீயைக் காட்டினால் அதற்குரிய குளிர்த்தியையும் செய்தே ஆக வேண்டும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன், நாவலைத் தொடுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டா என்று பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இலங்கையில் ஓர் ஆசிரியரின் பதிப்புரிமை அவருடைய ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஹியூகோ 1885 இல் காலமானார். ஆகவே அவருடைய நாவல் எல்லோருக்கும் பொதுவானது. ஹம்பாந்தோட்டைப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றின் அழிவைச் சொல்லும் லெனார்ட் வூல்ஃபின் 1913 ஆம் ஆண்டு நாவலைப் படமாக்கும் ஆசை இங்கே பலருக்கு உண்டு. நூறு ஆண்டுகள் கடந்த நூல் என்று அதைத் துணிந்து எடுத்துவிடக் கூடாது. வூல்ஃப் 1969 இல்தான் மறைந்தார் என்பதால் 2039 வரை அனுமதி வேண்டும். மூல நூல் பொதுவானதாக இருந்தாலும், அதன் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த மொழிபெயர்ப்பாளரின் உடைமை; முன்னே வெளிவந்த படங்கள் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களும் பாடல்களும் அந்தப் படங்களை எடுத்தவர்களின் உடைமை. ஹியூகோவின் நாவலைத் தழுவி டிஸ்னி 1996 இல் வெளியிட்ட படத்தில் கோபுரத்துக் கற்சிலைகள் பேசுகின்றன. நாவலில் அப்படிப் பேசும் பாத்திரங்கள் இல்லை. அவற்றைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, நாவலிலிருந்து எடுத்தேன் என்று சொல்ல முடியாது.

அடுத்தது வாசிப்பு. முதல் தடவை எந்தக் குறிப்பும் எடுக்காமல் நாவலை வாசியுங்கள். இரண்டாவது தடவை ஒரு சி.ஆர். கொப்பியை, அதாவது தடித்த குறிப்பேட்டை, திறந்துவைத்து, கொடுமை நிகழும் ஒவ்வொரு இடத்தையும் எழுதுங்கள்: யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார், எதற்காகச் செய்கிறார், அதை யார் நின்று பார்க்கிறார், அதனால் பின்னே என்ன மாறுகிறது. பெரும்பாலானோர் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திவிடுவார்கள். நான்காவதும் ஐந்தாவதும்தான் படத்துக்குரியவை. எந்த மாற்றத்தையும் உண்டாக்காத கொடுமையைத் தயங்காமல் விட்டுவிடலாம். கதையின் போக்கைத் திருப்பும் கொடுமையை விட்டீர்களானால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

இனி ஹியூகோவின் நாவலையே சற்று நெருங்கிப் பார்ப்போம். 1831 இல் வெளிவந்த அந்த நூலின் கதை 1482 ஜனவரி 6 அன்று தொடங்குகிறது. அன்று மூடர் திருவிழா. எவர் முகம் மிகக் கோரமானதோ அவரைக் கூட்டம் 'மூடர்களின் பாப்பரசர்' ஆக்குகிறது. குவாசிமோதோவுக்கு முடிசூட்டிப் பல்லக்கில் சுமக்கிறார்கள். அன்றிரவு, தன்னை வளர்த்த பாதிரியார் ஃபிரோலோவின் ஏவலில் அவன், தெருவில் ஆடும் நாடோடிக் கூட்டத்துப் பெண் எஸ்மெரால்டாவைக் கடத்த முயன்று பிடிபடுகிறான். மறுநாள் அவனைச் சுழலும் தண்டனை மேடையில் கட்டிச் சவுக்கால் அடிக்கிறார்கள். மணியோசையால் செவிடான அவன் தண்ணீர் கேட்டுக் கதறுகிறான், கூட்டம் சிரிக்கிறது. அவன் கடத்த முயன்ற அதே பெண் மேடையேறி வந்து தண்ணீர் கொடுக்கிறாள்.

1996 ஆம் ஆண்டுப் படம் இந்த இரண்டு நாட்களையும் ஒன்றாக்கிவிட்டது. கடத்தல் இல்லை, முடிசூட்டிய அதே கூட்டம் அன்றே மேடையில் அவனைக் கட்டிப்போட்டுக் கையில் கிடைத்ததை அவன்மேல் எறிகிறது, எஸ்மெரால்டா வந்து விடுவிக்கிறாள். காரணம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, கருணையும் இருக்கிறது. சவுக்கடியின் நீளம் மட்டும் குறைந்திருக்கிறது. மிகச் சிறந்த சுருக்கம் என்றே இதைக் கருதுகிறேன். ஆயினும் ஓர் இழப்பும் உண்டு. தனக்குத் தீங்கு செய்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும், குற்றமற்ற ஒருவனை மீட்பதும் ஒரே அளவான செயல்கள் அல்ல. என்னுடைய இரண்டாவது திரைக்கதையில் கடத்தலைத் திரும்பச் சேர்த்தேன்: தனக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று முழுவதும் விளங்காமல் அவன் அவளுடைய சால்வையைப் பற்றி இழுக்கிறான், அவள் அலறுகிறாள், அவன் உடனே விட்டுவிடுகிறான். ஒரு பிள்ளை தான் செய்த பிழையை உணரும் கணம் போல அது அமைந்தது. மறுநாள் அவள் கொண்டுவரும் தண்ணீருக்கு அப்போதுதான் பாரம் கிடைத்தது.

அதே படம் செய்த வேறு மூன்று மாற்றங்களையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிரியாரான ஃபிரோலோ நீதிபதியாக மாற்றப்பட்டு, நல்ல பாதிரியார் ஒருவர் தனியே வருகிறார். நாவலில் கைவிடப்பட்ட குழந்தையான குவாசிமோதோவை இரக்கத்தால் எடுத்து வளர்த்த ஃபிரோலோ, படத்தில் அவனுடைய தாயின் சாவுக்கே காரணமாகிறார். இதனால் தீமை தெளிவாகிறது, ஆனால் நல்லவராகத் தொடங்கிய ஒருவர் கெட்டுப்போகும் கதை காணாமற்போகிறது. முடிவில், நாவலின் குவாசிமோதோ அவரைக் கோபுரத்திலிருந்து தள்ளுகிறான். படத்தில் கற்சிலை உடைந்து அவர் தாமே விழுகிறார். நாயகன் கையில் இரத்தம் இல்லாமல் கெட்டவரை அகற்றும் இந்த முறை குடும்பப் படங்களில் மிகவும் பழகிப்போனது. அதை நான் குறை சொல்லவில்லை; ஆனால் விழுவதற்கு முன் நாயகன் ஒரு முடிவை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதையை முடித்துவைப்பது கல்தானே தவிர அவன் அல்ல.

எதைக் காட்டுவது என்று தீர்மானித்த பின், பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானியுங்கள். தண்டனை மேடையை எட்டு வயதுப் பிள்ளை எங்கே நின்று பார்க்கிறது? கூட்டத்தின் நடுவிலா, மேடையிலா, தகப்பனின் தோளிலா? நான் ஒரு சிறு பையனைத் தகப்பனின் தோளில் ஏற்றினேன். சவுக்கு ஒரு தடவையும் திரையில் தெரிவதில்லை. தகப்பன் சிரிக்கும்போது குலுங்கும் தோளும், அதன் மேலே சிரிக்காமல் இருக்கும் பையனின் முகமும், மேடை சுழலும் மரச் சத்தமுமே தெரிகின்றன, கேட்கின்றன. அனிமேஷனில் ஒவ்வொரு கோட்டையும் நாமே வரைகிறோம் என்பதால் எதை வரையாமல் விடுவது என்பதும் நம் கையில் இருக்கிறது. வரைந்த இரத்தம் உண்மை இரத்தத்தை விட மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். முயல்களைப் பற்றிய 'வாட்டர்ஷிப் டவுன்' படத்துக்கு 1978 இல் பிரிட்டனில் எல்லா வயதினருக்குமான சான்றிதழ் கிடைத்தது. 2022 இல் அதே படத்தைப் பெற்றோரின் வழிகாட்டுதல் தேவை என்று சொல்லும் வகைக்கு மாற்றினார்கள்.

நாவலில் பாத்திரம் மனத்துக்குள் நினைப்பதையெல்லாம் திரையில் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். 2009 இல் வந்த 'கோரலைன்' படத்தில், நாவலில் இல்லாத ஒரு பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்தது இதற்காகவே. துணைப் பாத்திரம் சேர்ப்பது தவறல்ல. ஆனால் அவர் சிரிப்புக்காக மட்டும் வரக்கூடாது; துயரக் காட்சி முடிந்து பிள்ளை மூச்சு விடுவதற்குள் பகிடி சொல்லவும் கூடாது. பேசும் கற்சிலைகள் எனக்குப் பல இடங்களில் இந்தக் காரணத்தினாலேயே ஒட்டவில்லை.

கொழும்பில் இருந்து தமிழில் செய்கிறவருக்கு மொழிதான் மிகப் பெரிய கேள்வி. கதை பாரிசிலேயே நடக்கட்டும். தேவாலயத்தைத் தூக்கிக் கொட்டாஞ்சேனையில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாரிஸ் மக்கள் எந்தத் தமிழைப் பேசுவார்கள்? நம்மிடம் யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் உண்டு. நாயகிக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சையும், வேலைக்காரருக்கும் கள்வருக்கும் மலையகப் பேச்சையும் கொடுக்கும் பழக்கம் மேடையிலும் வானொலியிலும் நெடுங்காலம் இருந்தது. அதைக் கேட்டு வளரும் ஒரு மலையகப் பிள்ளை படத்திலிருந்து என்ன பெறும் என்று எண்ணிப் பாருங்கள். தோற்றத்தால் விலக்கப்பட்ட ஒருவனைப் பற்றிய படத்தில் பேச்சினால் இன்னொருவரை விலக்குவது கதையையே பொய்யாக்கும். நான் பேச்சு வழக்குகளைக் குணத்தோடு இணைக்காமல் எல்லா வகை மனிதர்களிடமும் பரவவிட்டேன்: பாதிரியாரும் கள்வனும் ஒரே ஊர்ப் பேச்சைப் பேசலாம். எஸ்மெரால்டாவின் கூட்டத்தாரைக் 'குறவர்' என்று மொழிபெயர்ப்பதையும் தவிர்த்தேன். அப்பெயரால் இன்றும் அவமதிக்கப்படுகிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 'ரோமா' என்ற அவர்களுடைய சொந்தப் பெயரே போதும். 'கூனன்' என்ற சொல்லைக் கூட்டத்தின் வாயில் மட்டும் வைத்தேன், படத்தின் தலைப்பில் வைக்கவில்லை.

படங்களை வரைவதற்கு முன்பே குரல்களைப் பதிவு செய்துவிடுங்கள், ஏனெனில் வாயசைவும் கையசைவும் குரலைத் தொடர்ந்தே வரையப்படும். வானொலி நாடகத்தில் பழகியவர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். முகம் தெரியாத இடத்தில் மூச்சினாலேயே நடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

செலவைக் கணக்கிடும்போது நிமிடங்களைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால் 80 நிமிடப் படத்துக்கு 1,15,200 சட்டகங்கள். வரைந்த ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் கையால் வரைய 57,600 படங்கள் வேண்டும். அதனால் எழுத்தில் ஒரு நிமிடத்தைக் குறைப்பது 720 படங்களைக் குறைப்பதாகும். முழுத் திரைக்கதையையும் முதலில் காட்சி காட்சியாகப் பென்சில் படங்களில், அதாவது ஸ்டோரிபோர்டாக, வரைந்து, தற்காலிகக் குரலும் ஓசையும் சேர்த்து அனிமேட்டிக்காக ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் தாயின் கையைப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பென்சில் கோட்டிலேயே தெரிந்துவிடும். வண்ணம் தீட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

முடிவுக்கு வருவோம். நாவலில் எஸ்மெரால்டா தூக்கிலிடப்படுகிறாள். காலம் சென்றபின் மோன்ஃபோக்கோன் பிணக்கிடங்கில் அவளுடைய எலும்புக்கூட்டைத் தழுவியபடி இன்னொரு எலும்புக்கூடு காணப்படுகிறது, பிரித்தெடுக்க முயன்றபோது அது தூளாகிவிடுகிறது. டிஸ்னி படத்தில் அவள் உயிர் பிழைத்துப் படைத்தலைவன் ஃபீபஸோடு சேர்கிறாள். குவாசிமோதோவுக்குக் கிடைப்பது கலியாணம் அல்ல, ஒரு சிறுமி வந்து அவன் முகத்தைத் தொடுவது. அந்த அளவான ஆறுதலை நான் மிகவும் மதிக்கிறேன். எனது திரைக்கதையில் எஸ்மெரால்டா இறந்துவிடுகிறாள், ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை: கோபுரத்து மணி நடுவில் நின்றுவிடுகிறது, நகரம் முழுவதும் தலை நிமிர்ந்து பார்க்கிறது. அதன் பிறகு ஆறு நிமிடம் படம் தொடர்கிறது. தோளில் இருந்து பார்த்த அந்தப் பையன் தனியே கோபுரப் படிகளில் ஏறிவருகிறான், கையில் ஒரு குவளைத் தண்ணீர். எஸ்மெரால்டா செய்ததை ஒருவன் பார்த்திருக்கிறான் என்பதை அந்தக் குவளை சொல்லிவிடுகிறது. அந்த ஆறு நிமிடத்தைக் குறைக்கும்படி பலர் சொன்னார்கள். நான் ஒரு நொடியும் குறைக்கவில்லை. குளிர்த்திக்கு நேரம் வேண்டும்.

இந்தத் திரைக்கதையை அதே வீட்டில் திரும்ப வாசித்தபோது அந்தச் சிறுமி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெடியன் நாளைக்கும் மேல போவானா, அன்ரி?" என்று கேட்டாள். நீங்களும் வாசித்து முடித்ததும் எதையும் விளக்காமல், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இனி என்ன நடக்கும் என்று கேட்டார்களானால் ஸ்டோரிபோர்டைத் தொடங்கலாம். ஏன் அப்படி நடந்தது என்று கேட்டார்களானால், சி.ஆர். கொப்பியைத் திரும்ப எடுத்து, எந்தக் காரணத்தை விட்டுவிட்டீர்கள் என்று தேடுங்கள்.