நீலப் பேண்டம் கோழி: நிறம் அறிந்து இணை சேர்க்கும் முறை

கொச்சின் பேண்டம் என்னும் சிற்றுருவக் கோழியினத்தில் நீல நிறச் சேவலையும் பெட்டையையும் இணை சேர்த்து அடைவைத்தவர், குஞ்சுகளில் கறுப்பும் அழுக்கு வெள்ளையும் இருக்கக் கண்டால் முதலில் விற்றவரைத்தான் சந்தேகிப்பார். விற்றவர் மீது பெரும்பாலும் பிழை இருக்காது, ஏனெனில் நீலம் தன்னைத்தானே ஈன்று நிலைக்கும் நிறமன்று. கறுப்பு நிறமியை மங்கச் செய்யும் மரபணு தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கோழி நீலமாகவும், இருவரிடமிருந்தும் வந்தால் வெளிறிய உடலில் நீலத் தெறிப்புகள் கொண்ட 'ஸ்ப்ளாஷ்' ஆகவும் அமைகிறது. மரபணு ஒற்றையாய் வந்தால் இடைப்பட்ட விளைவையே தரும் இந்த முழுமையற்ற ஓங்குத்தன்மையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்கள் பேட்சனும் புனெட்டும் ஆண்டலூசியன் கோழிகளில் ஆராய்ந்து விளக்கினர்.

நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாகப் பாதி நீலமும், கால் பங்கு கறுப்பும், கால் பங்கு ஸ்ப்ளாஷும் கிடைக்கும். ஆனால் 8 குஞ்சுகள் பொரிக்கும் ஓர் அடையில் இது துல்லியமாக 4, 2, 2 என்று அமைவது ஏறத்தாழ 10-இல் ஒரு முறைதான். ஆகவே ஓர் அடையை வைத்துக் கணக்கைக் குறை சொல்லலாகாது.

எல்லாக் குஞ்சுகளும் நீலமாக வேண்டுமென்றால் கறுப்போடு ஸ்ப்ளாஷைச் சேர்க்க வேண்டும். இம்மரபணு பால் குரோமோசோமில் இல்லாததால் எது சேவல், எது பெட்டை என்பது பொருட்டல்ல. கறுப்புக் கோழியைத் தேர்வதில்தான் கண் வேண்டும்: நீல மரபணு கறுப்பை மட்டுமே மங்கச் செய்யும், பொன்னையும் சிவப்பையும் தொடாது. எனவே கறுப்புச் சேவலின் கழுத்திறகில் சிறிது செம்மை தெரிந்தாலும், அது குஞ்சுகளின் நீலத்தில் துருப்போல் பளிச்சென்று வெளிப்படும். நீல இணைக்குப் பிறந்த கறுப்புக் கோழியை 'உள்ளே நீலம் ஒளிந்திருக்கிறது' என்று கூடுதல் விலைக்கு விற்பவரை நம்ப வேண்டாம். அதில் நீல மரபணு அறவே இல்லை.

லாவெண்டர் நிறத்தை நீலத்தோடு குழப்பிக்கொள்வதும் வழக்கமான தவறே. லாவெண்டர் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதன் மரபணு வந்தால்தான் வெளிப்படும். இரு லாவெண்டர் கோழிகளுக்குப் பிறப்பவை லாவெண்டராகவே இருக்கும். உடல் முழுதும் சீரான வெளிர் சாம்பலாய், இறகோரத்தில் கருங்கோடின்றி இருப்பதே அதன் அடையாளம். அதை நீலக் கூட்டில் விட்டால் முதல் தலைமுறையில் தெரியாத குளறுபடி அடுத்தடுத்த தலைமுறைகளில் தலைகாட்டும்.

சேவலை மாற்றியதும் உடனே முட்டை சேர்க்கத் தொடங்கலாகாது. முந்தைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் 2 வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், 3 வாரமேனும் கழித்துக் கிடைக்கும் முட்டைகளையே, இணையின் எண்ணைப் பென்சிலால் குறித்து, ஒரு வாரத்துக்குள் அடைவைக்க வேண்டும். பொரித்த அன்றே குஞ்சுகளுக்குக் கால் வளையம் இடுவது நல்லது. கறுப்புக் குஞ்சு கருமையோடு வயிற்றில் வெளிர் மஞ்சளாகவும், நீலக் குஞ்சு புகை நிறமாகவும், ஸ்ப்ளாஷ் குஞ்சு வெளிறியும் இருக்கும். எனினும் நீலத்தின் அழுத்தமும் இறகோரக் கோடும் முதிர்ந்த இறகு முளைத்த பின்னரே தெளிவாகும். அதுவரை எதையும் விற்காமல் வைத்திருப்பதே நலம்.