சின்ன ரீஃப் டேங்கில் மீன் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்தவர்கள் போனில் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்தால், நாங்கள் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் அவர்களும் கோட்டை விடுகிறார்கள். தீனி அதிகம் போடாதீர்கள், குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 100 லிட்டர் தொட்டியில் எந்த மீனை, எந்த வரிசையில், எப்படி விடுவது என்பதை மட்டும் பேசலாம்.

முதல் மீனாக டாம்சல்

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. கடையில் போய் முதலில் எதை விடலாம் என்று கேட்டால், "டாம்சல் எடுத்துக்கோங்க சார், சாகவே சாகாது" என்பார்கள். நிஜம்தான், சாகாது. வில்லங்கமே அதுதான். புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா ஏறி இறங்கும் காலத்தை அது தாங்கிக்கொள்ளும்; விலையும் குறைவு. ஆனால் தொட்டி தயாராவதற்குள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொந்துக்கும் அதன் பெயரில் பட்டா ஆகியிருக்கும்.

டாம்சல் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத மீன். டாமினோ டாம்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சாக இருக்கும்போது கருப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளியோடு அவ்வளவு அழகு. வளர்ந்தால் 14 செ.மீ. வரை போகும். கடலில் அது விரட்டினால் மற்ற மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். இரண்டரை அடிக் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட டாம்சலை முதலில் விட்டான். அப்புறம் க்ளவுன் மீன் ஜோடி, அதற்கும் அப்புறம் ஃபயர்ஃபிஷ் என்ற கூச்சமான மீன் ஒன்று. நான் போய்ப் பார்த்தபோது ஃபயர்ஃபிஷ் மேல் மூலையில், ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகிக்கொண்டிருந்தது. வால் துடுப்பு கிழிந்து நார்நாராகத் தொங்கியது. தீனி போட்டதும் அரை அடி இறங்கி வரும். டாம்சல் திரும்பிப் பார்த்தாலே மறுபடி மூலைக்கு ஓடும். மறுநாள் அது செத்துப் போனது.

சரி, டாம்சலைப் பிடித்துவிடலாமே? வலையைக் கண்டதும் பாறைக்குள் புகுந்துவிடும். தண்ணீர் பாட்டிலின் வாயை வெட்டி உள்பக்கமாகத் திருப்பிச் செருகி, தீனி வைத்துப் பொறி வைக்கலாம்; சில நேரம் மாட்டும். இல்லையென்றால் பவளத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பாறையைக் கலைத்துத்தான் ஆக வேண்டும். அது எந்தக் கல்லில் ஒளிகிறது என்று பார்த்து, அந்தக் கல்லோடு வாளிக்குள் தூக்குங்கள். பெரும்பாலும் பொந்தைவிட்டு வெளியே வராது. அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் செய்தான். மீன் 100 ரூபாயோ என்னவோ, உடைந்த பவளத்தின் விலை வேறு.

தொட்டியைத் தயார் செய்ய மீனே தேவையில்லை. பெரிய மார்க்கெட்டில் ஒரு இறால் வாங்கி உள்ளே போட்டு அழுக விடுங்கள்; அதில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தானாக வளரும். அம்மோனியா ஏறி, அப்புறம் நைட்ரைட் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வர சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு கூச்ச சுபாவமுள்ள மீன் முதலில்: ஃபயர்ஃபிஷ், சின்ன கோபி. க்ளவுன் அதற்கு அப்புறம். அடாவடி மீன் வேண்டுமே வேண்டும் என்றால் கடைசியில். புது மீனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மூன்று நாள் உள்ளேயே தொங்கவிட்டால் பழைய மீன்களுக்கு அதன் முகம் பழகிவிடும்.

ஒரே அளவில் பெரிய க்ளவுன் இரண்டு

க்ளவுன் ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஜோடியில் பெரியதும் வலியதும் பெண்ணாக மாறும். ஏற்கெனவே பெண்ணான இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்று மிஞ்சும். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று எடுங்கள். பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேளுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே க்ளவுனைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்த மீனைவிட அவை சீக்கிரம் தீனி எடுக்கும். கடலில் க்ளவுன் ஒண்டி வாழும் கடற்சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் நன்றாக இருக்கும்.

கொளத்தூர் பையை மணிக்கணக்கில் சொட்டு விடுவது

சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து ஈசிஆர் வழியாக மூன்று நான்கு மணி நேரம் வந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மூடியிருக்கும்வரை கரியமில வாயு பிஎச்சை இறக்கி வைத்திருப்பதால் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா கொல்ல ஆரம்பிக்கும். அதனால் திறந்த பைக்குள் தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காமல், மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்தபின், திறந்து உடனே மாற்றுங்கள். கடைத் தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கும் என்பதால், புது மீனை முதலில் வைக்கும் தனித்தொட்டியின் உப்பை முன்கூட்டியே அதே அளவில் வைத்து, சில நாளில் மெல்ல ஒப்படர்த்தி 1.025க்கு ஏற்றுங்கள்.

தனித்தொட்டி இல்லாமல் வாங்குவது

வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்து போட வேண்டும்; பவளத்தொட்டியில் அதைப் போட முடியாது, இறாலும் பவளமும் போய்விடும். ஒரு பழைய தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய நாலு பிவிசி துண்டு போதும். நாலு வாரம் அங்கே இருக்கட்டும்.

மழைக்காலத்துக் கடல் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் சங்கராபரணி, தென்பெண்ணை ஆற்று வெள்ளம் கடலில் கலக்கும் நேரத்தில் தொட்டிக்குக் கரையில் தண்ணீர் எடுக்காதீர்கள்.

ப்ளூ டேங்

ஒரு அடி வளரும். வேண்டாம்.

கடல் குதிரை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. வாங்கினாலே வழக்கு.

மூடி

ஃபயர்ஃபிஷ் குதிக்கும். கண்ணாடி போட்டு மூடினால் நம் ஊர் மே மாத வெயிலில் தண்ணீர் கொதிக்கும். ஒரு சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி மேலே வையுங்கள். வயர் போகும் மூலையையும் அடைத்துவிடுங்கள், அது அந்த மூலையில்தான் குதிக்கும்.